அப்பாச்சியும் மாஸ்டர் சாவியும்: புதிதாக சர்வர் பார்ப்பவர்களுக்கு

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் ரூம் புக்கிங், மண்டபத்தில் நண்டும் இறாலும் வாங்கி அனுப்பும் கம்பெனி, கீழக்கரையில் தொதல் கடை. எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு வெப்சைட் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைதான். பிசிஏ முடித்திருப்பார், அல்லது கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருப்பார். "இதையெல்லாம் நீதான் பார்க்கணும் தம்பி" என்று முதலாளி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து ஒரு லினக்ஸ் சர்வரின் ரூட் அதிகாரம், அதாவது எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரம், அந்தப் பிள்ளை கையில். அப்படிப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். சின்ன அதிகாரம் மட்டுமே உள்ள ஒரு புரோகிராம், ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ரூட் ஆகிவிடுவது. பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்பார்கள். தமிழில் அதிகார ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 2019-ல் அப்பாச்சி வெப் சர்வரில் வெளிவந்த ஓட்டையை வைத்துச் சொல்கிறேன். அது எப்பவோ அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் புரிந்துகொண்டால் உங்கள் சர்வரில் இன்றைக்கும் எங்கெல்லாம் கண் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரும் நோட்டும்

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். கவுண்டரில் மேனேஜர். எல்லா அறைக்கும் லாக்கருக்கும் சேர்த்து மாஸ்டர் சாவி அவர் இடுப்பில். அவருக்குக் கீழே ஐந்தாறு ரூம் பாய்கள். கவுண்டர் மேல் ஒரு நோட்டு கிடக்கும். யார் எந்த அறையில் இருக்கிறார், வேலை முடிந்ததா என்று பையன்களே அதில் எழுதுவார்கள். காலையில் ஆள் மாறும்போது மேனேஜர் அந்த நோட்டைப் புரட்டி, அதில் உள்ள எண்ணைப் பார்த்து, அந்தந்த அறையைத் தானே திறந்துவிடுவார்.

ஒரு நாள் ஒரு பையன் தன் பெயருக்கு நேரே இருந்த அறை எண்ணை அடித்துவிட்டு லாக்கர் எண்ணை எழுதி வைக்கிறான். காலையில் மேனேஜர் யோசிக்காமல் போய் லாக்கரைத் திறந்துவிடுகிறார். பையன் சாவியைத் தொடவே இல்லை. நோட்டில் ஓர் எண்ணை மாற்றினான், அவ்வளவுதான்.

அப்பாச்சியில் நடந்தது ஏறக்குறைய இதுதான். லினக்ஸில் 1024-க்குக் கீழே எண் உள்ள போர்ட்டுகளை, அதாவது வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்களைத் திறக்க வழக்கமாக ரூட் அதிகாரம் வேண்டும். வெப்சைட்டுக்கு 80, 443 இரண்டும் தேவை. அதனால் அப்பாச்சியின் தாய் புரோசஸ் (புரோசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ரூட்டாகவே ஓடும். வருகிறவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைப் புரோசஸ்கள் அதிகாரம் குறைந்த வேறொரு பெயரில் ஓடும். டெபியன், உபுண்டுவில் அந்தப் பெயர் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா, ரெட் ஹேட் வகையில் அப்பாச்சி. தாயும் பிள்ளைகளும் சேர்ந்து பயன்படுத்தும் நினைவகப் பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்கோர்போர்டு. எந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கணக்கு அதில் இருக்கும். நம் கவுண்டர் நோட்டு அதுதான். பிள்ளைகளால் அதில் எழுதவும் முடியும்.

2.4.17 முதல் 2.4.38 வரையிலான அப்பாச்சியில், கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (தாய் அப்படியே இருக்க, கையில் உள்ள வேலையை முடிக்கவிட்டுப் பிள்ளைகளை மட்டும் மாற்றுவது) நடக்கும்போது தாய் புரோசஸ் ஸ்கோர்போர்டிலிருந்து பக்கெட் எண் என்ற ஒன்றை எடுக்கும். அது சரியான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமலே பயன்படுத்தும். பிள்ளைப் புரோசஸுக்குள் எப்படியோ புகுந்துவிட்டவன் அந்த எண்ணை மாற்றி, தான் தயார் செய்து வைத்திருக்கும் நினைவக இடத்துக்கு அதைத் திருப்பிவிடலாம். புதிதாகப் பிறக்கும் பிள்ளை, ரூட் அதிகாரத்தைக் கழற்றி வைப்பதற்கு முன்னாலேயே அவன் சொன்ன வேலையைச் செய்துவிடும். சர்வர் அவனுடையதாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் ஃபோல். சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகப் பொதுவாகக் கொடுக்கும் எண், இதன் எண் சிவிஇ-2019-0211, கார்ப்பே டியெம் என்பது அவர் வைத்த பெயர். 2019 ஏப்ரல் 1 அன்று வந்த 2.4.39-ல் அடைத்தார்கள். அடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கெட் எண்ணை நோட்டிலிருந்து படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எத்தனையாவது இடத்தில் உள்ள பிள்ளை என்பது தாய்க்கே தெரியும், அதை மொத்தப் பக்கெட்டுகளால் வகுத்து வரும் மீதியே எண். மேனேஜர் தன் கணக்கைத் தானே போடத் தொடங்கிவிட்டார்.

சரி, அந்த ரீஸ்டார்ட்டை யார் செய்வது? தாக்குபவன் செய்யத் தேவையில்லை, நம் சர்வரே செய்யும். லாக் கோப்புகள் பெருத்துவிடாமல் லாக்ரொட்டேட் அவற்றைச் சுற்றிவிடும்போது அப்பாச்சிக்கு கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் கொடுக்கும். பழைய டெபியன், உபுண்டுவில் தினசரி வேலைகளுக்கு வைத்த நேரம் காலை 6:25. அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்த ஜனங்கள் ஈரத் துணியோடு 22 தீர்த்தங்களுக்கு வரிசையில் நிற்கும் நேரம். எழுதி வைத்துவிட்டு விடியும்வரை காத்திருந்தாலே அவனுக்குப் போதும்.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார், "நம்ம சர்வர்ல என்னையத் தவிர யாரும் லாகின் பண்றதில்லையே அண்ணே, எனக்கு எதுக்கு இது?" நியாயமான கேள்வி. இந்த ஓட்டைக்கு முதலில் உள்ளே கால் வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கு லாகின் தேவையில்லை. வேர்ட்பிரஸில் மூன்று வருஷமாக அப்டேட் பண்ணாத ஒரு ப்ளகின் போதும். படம் ஏற்றும் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்ற முடிந்தால் போதும். அப்புறம் ஒரே சர்வரில் நாலைந்து கடைகளின் வெப்சைட்டை வைத்திருப்பவர்கள்தான் நம் பக்கம் அதிகம். ஒரு கடையின் கதவு உடைந்தால் மற்ற எல்லோருடைய லாக்கரும் போகும்.

முதல் வேலை: என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

தொடுவதற்கு முன்னால் ஸ்னாப்ஷாட், அதாவது சர்வர் இப்போது இருக்கும் நிலையின் முழு நகல், எடுத்துக்கொள்ளுங்கள். விபிஎஸ் (வாடகை சர்வர்) கொடுக்கும் எல்லா கம்பெனிகளிலும் ஏதோ ஒரு வழி இருக்கும்.

அடுத்தது டிமக்ஸ். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிமக்ஸ்" என்று போட்டு, லாகின் ஆனதும் முதல் வேலையாக டிமக்ஸ் என்று டைப் செய்யுங்கள். லைன் அறுந்தாலும் அதற்குள் ஓடும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப லாகின் ஆகி "டிமக்ஸ் அட்டாச்" என்றால் விட்ட இடத்தில் நிற்கலாம். நம் கடற்கரையில் இது அத்தியாவசியம். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினாலே சிக்னல் ஆடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் சில போன்களில் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும். பாதி அப்டேட்டில் லைன் அறுந்த சர்வரைச் சரிசெய்வது பெரிய பாடு.

பிறகு "பிஎஸ் -இஓ யூசர்,பிஐடி,பிபிஐடி,சிஎம்டி" என்று போட்டு அப்பாச்சி2 வரிகளை மட்டும் பாருங்கள். முதல் வரியில் ரூட் என்று ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். கீழே உள்ள வரிகளில் எல்லாம் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா. அந்த வரிகளின் பிபிஐடி (தாயின் எண்), முதல் வரியின் பிஐடியாக (அதன் சொந்த எண்) இருக்கும். தாயும் பிள்ளையும் கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்த ரூட் வரியின் எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லா வரியும் ரூட் என்று வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். அப்பாச்சி சாதாரணமாக அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காது. பிக் செக்யூரிட்டி ஹோல் என்ற பெயரிலேயே உள்ள ஒரு விருப்பத்தைச் சேர்த்துக் கம்பைல் செய்தால்தான் அப்படி ஓடும். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதிப்பு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நம்பவும் வேண்டாம்

"அப்பாச்சி2 -வி" என்றால் பதிப்பு வரும். இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். உபுண்டு 18.04-ல் 2.4.29 என்று காட்டும். 2.4.39-ல்தானே அடைத்தார்கள், அப்படியானால் நம்முடையது ஓட்டை என்று தோன்றும். அவசியமில்லை. டெபியன், உபுண்டுக்காரர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல் பேட்சை (ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை) மட்டும் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். உபுண்டு 18.04-ல் 2.4.29-1உபுண்டு4.6 முதல் இது சரி. டெபியன் 9-ல் 2.4.25-3+டெப்9யூ7 முதல் சரி. அதனால் முழு எண்ணைப் பார்க்க வேண்டும். "டிபிகேஜி -எல் அப்பாச்சி2" அதைக் காட்டும். "ஆப்ட் சேஞ்ச்லாக் அப்பாச்சி2" போட்டு அதில் சிவிஇ எண்ணைத் தேடினால் இன்னும் நிச்சயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சென்ட்ஓஎஸ் 7-ல் வரும் 2.4.6-ல் இந்த ஓட்டை இல்லை, ஏனென்றால் அந்தக் குறை 2.4.17-ல்தான் நுழைந்தது. ஆனால் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இதற்குப் பிறகு வந்த எதற்கும் பேட்ச் வராது. உபுண்டு 18.04-ன் வழக்கமான ஆதரவும் 2023-ல் முடிந்தது. அந்த மாதிரி சர்வர் கையில் இருந்தால், புது சர்வருக்கு மாறுவதுதான் உங்கள் முதல் வேலை என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அப்டேட், அப்புறம் முழு ரீஸ்டார்ட்

"சூடோ ஆப்ட் அப்டேட்", பின் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் அப்பாச்சி2". முடிந்ததும் "அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்". சின்டாக்ஸ் ஓகே என்று வந்த பிறகே அடுத்த அடி.

இந்த இடத்தில் கவனம். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இங்கே உதவாது. அதில் பிள்ளைகள் மட்டும்தான் மாறும். தாய் புரோசஸ் அதேதான், பழைய புரோகிராமை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்கில் புதுசு, ஓடுவது பழசு. "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2" என்று முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது அதுவே செய்துவிடும் என்றாலும் சரிபார்ப்பது நல்லது. முன்பு குறித்து வைத்த ரூட் வரியின் எண் இப்போது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் "சூடோ எல்எஸ் -எல் /ப்ராக்/" என்பதோடு அந்த எண்ணையும் "/எக்ஸி" என்பதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கடைசியில் டெலீட்டட் என்று தெரிந்தால், டிஸ்கில் இல்லாத பழைய புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது.

எந்த நேரத்தில் செய்வது? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து இறக்கலாம். சர்வருக்கு அப்படி ஒரு காலம் யாரும் கொடுக்கப்போவதில்லை, நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரம் லாட்ஜ் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய வாரம் பெரிய மாற்றம் எதையும் செய்யாதீர்கள். ஆனால் பாதுகாப்புப் பேட்ச் வந்திருந்தால் அமாவாசையும் பார்க்காதீர்கள். ரீஸ்டார்ட் ஆக சில விநாடிதான்.

யார் எழுதியதை ரூட் படிக்கிறது?

இதுதான் இந்தக் கட்டுரையின் நடு. பேட்ச் போட்டதும் அந்த ஒரு நோட்டுதான் சரியானது. உங்கள் சர்வரில் வேறு நோட்டுகள் கிடக்கலாம். அவற்றுக்கு சிவிஇ எண் இருக்காது, நாமே தெரியாமல் வைத்ததாக இருக்கும்.

ஒரு லாட்ஜ் சர்வரை நான் வாங்கிப் பார்த்தபோது /வார்/லாக்/அப்பாச்சி2 ஃபோல்டருக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்திருந்தார்கள். முன்பு பார்த்தவர் ஏதோ பிளகின் லாக் எழுதவில்லை என்று அப்படித் திறந்துவிட்டிருக்கிறார். பார்த்த நிமிடம் வயிற்றைக் கலக்கியது. லாக் கோப்பைத் திறப்பது ரூட்டாக ஓடும் தாய். ஃபோல்டரில் எழுத முடிந்தவன் அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, அதே பெயரில் சிஸ்டம் கோப்பு ஒன்றுக்கு இணைப்பு வைத்துவிட்டால், அடுத்த முறை லாக்கைத் திறக்கும்போது ரூட் போய் அந்தக் கோப்பில் எழுதும். லாக் ஃபோல்டரில் எழுத முடிந்தவன் ஏறக்குறைய நிச்சயமாக ரூட் ஆகலாம் என்று அப்பாச்சியின் பாதுகாப்புக் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2016-ல் டெபியன், உபுண்டுவில் வந்த இன்ஜின்எக்ஸ் (அப்பாச்சி போல இன்னொரு வெப் சர்வர்) பேக்கேஜே லாக் ஃபோல்டரை டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா பெயரில் விட்டிருந்தது. டேவிட் கோலுன்ஸ்கி அதைக் கண்டுபிடித்தார், சிவிஇ-2016-1247. லாக் சுற்றும் நேரத்துக்குக் காத்திருந்து ரூட் ஆகும் அதே கதை. அப்பாச்சியை விட்டு இன்ஜின்எக்ஸுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. "நேம்ஐ -எல் /வார்/லாக்/அப்பாச்சி2" என்று போடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியும் யார் பெயரில் இருக்கிறது, யாரெல்லாம் எழுதலாம் என்று வரிசையாகக் காட்டும். கடைசி வரியில் ரூட், ஏடிஎம் (அட்மின் என்பதன் முதல் மூன்று எழுத்து) என்று இருந்து, மற்றவர்களுக்கான மூன்று இடங்களும் காலியாக இருந்தால் டெபியனில் அது வழக்கமான நிலை. மாறியிருந்தால் "சூடோ சௌன் ரூட்:ஏடிஎம்", "சூடோ சிஎச்மாட் 750" இரண்டையும் அந்த ஃபோல்டருக்குக் கொடுங்கள். பிளகின் லாக் எழுத வேண்டுமா, அதற்கு வெப்சைட்டுக்கு வெளியே தனி ஃபோல்டர் கொடுங்கள்.

பிறகு பிள்ளைப் புரோசஸின் கண்ணாலேயே சர்வரைப் பாருங்கள். "சூடோ -யூ டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா ஃபைண்ட் /இடிசி /வார்/லாக் /யுஎஸ்ஆர்/லோக்கல் /ஆப்ட் -ரைட்டபிள்". அந்தப் பயனரால் எழுத முடிகிற எல்லாம் பட்டியலாக வரும். டெவ் நல்லுக்கு (எழுதியதெல்லாம் காணாமல் போகும் வெற்றுக் கோப்பு) போகும் இணைப்பு ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. அது தவிர எது வந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானையும் விடாதீர்கள். "சூடோ கிரான்டாப் -எல்" போட்டு, ரூட் ஓட்டும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ராத்திரி பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டை வெப்சைட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருப்பது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. அந்த ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் ராத்திரி அதை ரூட் ஓட்டும். ஸ்கிரிப்டை /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்னுக்கு மாற்றி ரூட் பெயரில் வையுங்கள். "சூடோ -எல் -யூ டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா" (இந்த யூ மட்டும் பெரிய எழுத்தில்) என்று போட்டால் அந்தப் பயனருக்கு சூடோ உரிமை இல்லை என்றே வர வேண்டும். பாஸ்வேர்டு இல்லாமல் ஏதாவது ஓட்டலாம் என்று வந்தால் சூடோ உரிமைகளைத் திருத்தும் விசூடோ கமாண்டில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பிஎச்பியைத் தனியே உட்கார வையுங்கள்

மாட்-பிஎச்பி என்பது அப்பாச்சியின் பிள்ளைப் புரோசஸுக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டுவது. சார்ல்ஸ் ஃபோல் காட்டிய வழியும் பிஎச்பியில் இருந்த ஒரு நினைவகக் குறையைப் பிடித்துத்தான் ஸ்கோர்போர்டுக்குப் போனது. பிஎச்பி-எஃப்பிஎம் என்றால் பிஎச்பி வேறு புரோசஸில், அப்பாச்சியின் நோட்டு கைக்கு எட்டாத இடத்தில் ஓடும். இன்னொரு பெரிய வசதி, ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனிப் பயனர் கொடுக்கலாம். கோப்புகளின் அனுமதிகளையும் அதற்கேற்ப இறுக்கி வைத்தால், தொதல் கடையில் புகுந்தவன் நண்டுக் கம்பெனியின் கோப்பைப் படிக்க முடியாது.

எஃப்பிஎம் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, பூல் கோப்பை (எந்தப் பயனர் பெயரில் பிஎச்பி ஓட வேண்டும் என்று சொல்வது) வெப்சைட்டுக்கு ஒன்றாக நகலெடுத்து, யூசர், குரூப், லிசன் மூன்றையும் மாற்றுங்கள். சாக்கெட்டின் (அப்பாச்சியும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் வாசல்) லிசன்.ஓனர் மட்டும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டாவாகவே இருக்கட்டும், இல்லையென்றால் அப்பாச்சியால் பேச முடியாது. பிறகு ஏ2டிஸ்மாட்டில் பிஎச்பியையும் எம்பிஎம்_ப்ரிஃபோர்க்கையும் எடுத்துவிட்டு, ஏ2என்மாட்டில் எம்பிஎம்_ஈவென்ட், ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப் மூன்றையும் போடுங்கள். கடைசியாக ஒவ்வொரு வெப்சைட்டின் விர்ச்சுவல் ஹோஸ்ட்டிலும் பிஎச்பி கோப்புகளை அதனதன் சாக்கெட்டுக்கு அனுப்பும்படி எழுத வேண்டும். இதை விட்டால் பிஎச்பி ஓடாமலே போகலாம், அல்லது எல்லாம் ஒரே பூலில்தான் ஓடும்.

மாற்றியதும் 500 என்று வெப்சைட் விழுந்தால் பதற வேண்டாம். எச்டிஆக்சஸ் கோப்பில் பிஎச்பி_வேல்யூ என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள், எஃப்பிஎம்மில் அது செல்லாது. அதை எடுத்து .யூசர்.ஐஎன்ஐ கோப்பில் எழுதுங்கள். படம் ஏற்றும் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு எதையும் திறக்கக் கூடாது என்று ரிக்வயர் ஆல் டினைட் போட்டுவிடுங்கள்.

நாளைக்கு வரும் பேட்ச்

அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து இயக்கிவிட்டால் பாதுகாப்புப் பேட்ச்கள் தானாக வரும். தானாக அப்டேட் ஆனால் ஏதாவது உடைந்துவிடும் என்று சிலர் தடுப்பார்கள். அந்தப் பயத்தில் வருஷக்கணக்கில் பூட்டி வைத்த சர்வர்கள்தான் அதிகம் போகின்றன என்பது என் அனுபவம்.

ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருந்தால்

சந்தேகம் வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். /இடிசி/எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட் என்ற கோப்பு சாதாரண சர்வரில் இருக்கவே இருக்காது, இன்ஜின்எக்ஸ் ஓட்டையில் ரூட் ஆனது அது வழியாகத்தான். ரூட்டின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் உங்களுக்குத் தெரியாத சாவி இருக்கிறதா. "சூடோ ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -பெர்ம் -4000 -டைப் எஃப்" என்று போட்டால் ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள் வரும், அதில் டெம்ப் ஃபோல்டரிலோ வெப்சைட் ஃபோல்டரிலோ ஏதாவது இருக்கிறதா.

ஒன்று கிடைத்தாலும் அதை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரூட் ஆனவன் எதை வேண்டுமானாலும் மாற்றியிருப்பான், நீங்கள் பார்க்கும் கமாண்டையே மாற்றியிருப்பான். அந்த சர்வரை ஸ்னாப்ஷாட் எடுத்து அப்படியே ஒதுக்கி வையுங்கள். புது சர்வர் எழுப்பி, சம்பவத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து டேட்டாவை மட்டும் கொண்டு வாருங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், முதலாளியை உட்கார வைத்து அதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமெண்ட் கேட்வே சாவி, மெயில் பாஸ்வேர்டு, உங்கள் எஸ்எஸ்எச் சாவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழின் தனிச் சாவியும் பழைய சர்வரில்தான் கிடந்தது. அதை ரத்து செய்து புதிதாக வாங்கிய பிறகே டொமைனைப் புது சர்வருக்குத் திருப்புங்கள்.